மன்னவனூரிலிருந்து அலரி

ஆனி மாதத்தில் மலைமேல் இருக்கும் மன்னவனூரில் பெய்வதை மழை என்றும் சொல்ல முடியாது, பெய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. வானம் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைந்து காட்டின் மேல் இறங்கிக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு நாளில்தான் மணியன் பரண் ஏணியிலிருந்து விழுந்தார். விற்பதற்காகப் பூண்டுக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தவர், ஈரத்தில் இற்றுப்போன படியோடு சேர்ந்து தரைக்கு வந்துவிட்டார். வலது காலில் எலும்பு விட்டுப்போனது. திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கம்பி வைத்துக் கட்டி, ஆவணி முடியும்வரை காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஐம்பது வயது மணியனுக்கு. பகலில் படுத்துப் பழக்கமில்லாத உடம்பு. மனைவி காளியாயி கட்டிலை இழுத்துச் சன்னலோரம் போட்டாள்.

"நீங்க படுத்துக் கெடங்க. காட்டுச் சோலிய நான் பாத்துக்கிறேன். வெள்ளாமை எங்கயும் ஓடிப் போயிறாது" என்றாள். சொன்னபடியே மறுநாள் வெள்ளனே எழுந்து, ஆட்களைக் கூட்டிக்கொண்டு கேரட்டுக் காட்டுக்குக் களை எடுக்கப் போய்விட்டாள்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் சுகன்யா அப்பாவைப் பார்க்க வந்து சில நாள் இருந்தாள். திரும்பும்போது, கொரோனா காலத்தில் பாடம் படிக்க வாங்கிய தன் பழைய டேப்பை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள். அதில் நிறைய சினிமாக்களை ஏற்றிக் கொடுத்திருந்தாள். மணியன் இரண்டு மூன்று பார்த்தார். எல்லாவற்றிலும் யாராவது யாரையாவது துரத்திக்கொண்டே இருந்தார்கள். நடக்க முடியாமல் கிடக்கிறவருக்கு அது பெரிய ஆயாசமாக இருந்தது.

பிறகு, எதையோ தொடப்போய் எதுவோ திறந்துகொண்டது. சுகன்யா பள்ளிக்கூட நாட்களில் சேர்த்து வைத்திருந்த படக்கதை. 'ஆழியூர்' என்று பெயர். யாரோ வாராவாரம் வரைந்து இணையத்தில் போட்டு வந்த கதை. கடலுக்கு அடியில் ஓர் ஊர். ஓட்டுக் கூரைகளின் மேல் மீன்கள் காக்கைக் கூட்டம்போலத் திரும்பிப் பறக்கும். வெயில் எட்டாத அந்த ஊரில் தெருத்தெருவாகப் போய் விளக்கேற்றுவது அலரி என்ற பெண்ணின் வேலை. பதினாறு வயதுக்காரி. கழுத்தளவு வெட்டிய முடி எந்நேரமும் தண்ணீரில் மேல்நோக்கி மிதந்துகொண்டிருக்கும். முழங்கால்வரை தொங்கும் மஞ்சள் சட்டை, சட்டைப் பைக்குள் ஒரு குட்டி மீன். அவள் ஒரு மூச்சு ஊதினால், கண்ணாடிக்குள் உறங்கும் ஒளிப்பூச்சிகள் விழித்துக்கொள்ளும். அதுதான் விளக்கு. அலரி யாரையும் துரத்துவதில்லை. ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்கு நீந்திப் போவாள். வழியில் ஏதாவது ஒரு சன்னலில் நின்று இரண்டு வார்த்தை பேசுவாள். அவ்வளவுதான் கதை.

மணியன் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். இந்தக் கதையில் எழுத்தே குறைவு. அவர் படங்களுக்குள் மெல்ல இறங்கிப் போனார்.

பிற்பகலில் மேகம் சன்னல் வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். கயிற்றில் காயும் துணியும், சுவரில் மாட்டிய காலண்டரும், மூலையில் சாய்த்த மண்வெட்டியும் ஓரம் கலங்கி நிற்கும். டேப்பை நெஞ்சில் கவிழ்த்துவிட்டு மணியன் அறையைப் பார்த்துக்கொண்டிருப்பார். தாமும் ஆழியூரில்தான் கிடக்கிறோமோ என்று தோன்றும். தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு காளியாயி வாசலைக் கடக்கையில், அவள் நடக்கிறாளா மிதக்கிறாளா என்று தெரியாது. கடலை அவர் ஒரே ஒரு முறை திருச்செந்தூரில் பார்த்திருக்கிறார். மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுக்குப் போட்டபோது கண்ணைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம் என்று இப்போது நினைத்தார்.

அந்த டேப்பிலேயே படம் வரைகிற செயலி ஒன்றும் இருந்தது. ஒருநாள் அதைத் திறந்து விரலால் ஒரு கோடு இழுத்தார். கோடு பாதி விழுந்தது, பாதி விழவில்லை. பூண்டு உரித்தும் மண்ணளைந்தும் காய்த்துப்போன விரலைக் கண்ணாடி சில நேரம் விரல் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. சுகன்யாவுக்குப் போன் போட்டார்.

"உறைக்குள்ள ஒரு பேனா இருக்கும்ப்பா, பாருங்க. அத வச்சு வரைங்க" என்றவள், கொஞ்சம் பொறுத்து, "நீங்களா வரையிறீங்க?" என்றாள்.

"கையி சும்மா கெடக்க மாட்டேங்குது தாயி. தப்பாப் போட்டுட்டா என்ன செய்றது?"

"மேல வளைஞ்ச அம்பு ஒண்ணு இருக்குல்ல, அதத் தொடுங்க. போட்ட கோடு போயிரும்."

"தடமே இருக்காதா?"

"இருக்காதுப்பா."

மணியனால் அதை நம்ப முடியவில்லை. அன்று முழுவதும் கோடு போடுவதும் அம்பைத் தொடுவதுமாகவே இருந்தார். நட்ட விதையைத் திரும்ப மூட்டையில் அள்ள முடியாது. வாயிலிருந்து விழுந்த வார்த்தையும் அப்படித்தான். இற்றுப்போன அந்த ஏணிப் படியை மட்டும் எத்தனையோ முறை மனசுக்குள் திரும்ப மாட்டி வைத்துப் பார்த்திருக்கிறார். இங்கே ஒரு தொடலில் எல்லாம் பழையபடி வெள்ளையாகிவிடுகிறது. கனவில்கூட இவ்வளவு சுளுவாக நடக்காது.

லேயர் என்ற ஒன்றுதான் பிடிபடவில்லை. கண்ணாடித் தாள் மேல் கண்ணாடித் தாள் வைத்தது போல என்று சுகன்யா எவ்வளவோ சொன்னாள். ஒரு காலையில் மேகம் விலகி மலைகள் தெரிந்தன. பக்கத்து மேடு கறுப்பு, அதற்குப் பின்னால் கரும்பச்சை, அதற்கும் பின்னால் நீலம். கடைசி மலை வானத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும் சாம்பலாக நின்றது. ஒன்றன்மேல் ஒன்று படாமல் தனித்தனியாக நின்றாலும் பார்வைக்கு எல்லாம் ஒரே மலைதான். 'அட, இதுதானா' என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார்.

முதல் அலரி உருவான அன்று காளியாயி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஏங்க, ஆட்டுக்குட்டிக்கு எதுக்குச் சட்டை மாட்டிவிட்டிருக்கீங்க?"

மணியனும் பார்த்தார். ஆட்டுக்குட்டியேதான். கண் இரண்டும் காதோரத்துக்குப் போயிருந்தன. அம்பைத் தொட்டார். மறுபடி வரைந்தார்.

ஊரில் பேச்சு கிளம்பாமல் இருக்குமா? களையெடுக்க வந்த பாண்டிச்செல்வி வரப்பில் வைத்துக் கேட்டாள்: "அண்ணன் பொம்பளப் பிள்ளப் படமா வரையுறாராமே?"

"கால் ஒடிஞ்ச மனுசன் கத்தாமக் கடிக்காமப் படம் வரையுறாரு. ஒனக்கு நோகுதா? களைய வெரசா எடு" என்றாள் காளியாயி. வீட்டுக்கு வந்து இதைச் சொல்லவில்லை. பாண்டிச்செல்வியின் புருசன் வந்து சொல்லித்தான் மணியனுக்குத் தெரிந்தது.

முகம் ஒருவழியாகப் படிந்தது. மிதக்கும் முடியை, காற்றில் சாயும் மேட்டுப் புல்லைப் பார்த்துப் பார்த்துப் பிடித்துவிட்டார். கைதான் வரவில்லை. விளக்கைத் தூக்கிப் பிடிக்கும் கை ஒவ்வொரு தடவையும் கிழங்குக் கொத்தாக முடிந்தது. கடைசியில் காளியாயியைக் கூப்பிட்டு, ஒரு செம்பைக் கையில் கொடுத்து, தூக்கிப் பிடிக்கச் சொன்னார்.

"உலை கொதிக்குதுங்க."

"கொஞ்ச நேரந்தான் புள்ள."

அவள் சன்னல் வெளிச்சத்தில் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தக் கையால் எத்தனையோ வருசமாகச் சாப்பிடுகிறார். அதன் கட்டைவிரல் இவ்வளவு வளைந்திருக்கும் என்று தெரியாது. சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் தனியாக நிற்கிறது. கணுக்களில் மண் கோடு. வரைவதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. செத்த உயத்திப் பிடி."

காளியாயிக்கு வெட்கம் வந்துவிட்டது. உலை பொங்கி அடுப்பை அணைத்ததை இருவரும் கவனிக்கவில்லை.

அந்தப் படத்தை இன்ஸ்டாவில் போடலாம் என்றாள் சுகன்யா. இந்த மாதிரி ரசிகர்கள் வரைந்து போடுவதற்கு ஃபேன் ஆர்ட் என்று பெயராம். ஆழியூர் ரசிகர்கள் சிலநூறு பேர் இருக்கிறார்கள், எல்லோரும் வரைகிறார்களாம். 'மன்னவனூர் அலரி' என்ற பெயரில் அவளே ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தாள். முகப்புக்கும் அலரி படத்தையே வைத்தாள். சன்னல் கட்டையின் இடது மூலையில் டேப்பை நிறுத்தினால், மேகம் விலகுகிற நேரங்களில் நெட் கிடைக்கும். மணியன் அந்த மூலையிலேயே கண்ணாக இருந்தார்.

சிலர் இதயம் போட்டார்கள். ஒருவர், 'கை கிழவி கை மாதிரி இருக்கு' என்று எழுதினார். மணியனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கையை அழித்து வழவழவென்று ஒன்று வரைந்து பார்த்தார். அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு ஒட்டவில்லை. அம்பைத் தொட்டுப் பழைய கையையே வரவழைத்தார். அடுத்த முறை நெட் வந்தபோது வேறொரு செய்தி காத்திருந்தது. 'தேவா' என்ற பெயர், முகப்பில் அலரியின் குட்டி மீன்.

'செம சிஸ்! கை உயிரோட இருக்கு. தோள் மட்டும் ஏறிப் போச்சு. இப்படி இறக்கிப் பாருங்க' என்று எழுதி, அவர் படத்தின் மேலேயே சிவப்புக் கோட்டால் தோளைத் திருத்தி அனுப்பியிருந்தது அந்தப் பிள்ளை. திருத்தியது சரிதான். அலரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது போலிருந்தது.

'சிஸ்' என்றால் அக்கா தங்கச்சி என்று சுகன்யா சொல்லிச் சிரித்தாள். "பொம்பளைன்னு நெனச்சுருச்சுப்பா." மணியன் திருத்த நினைத்தார். ஆனால் நன்றி எழுதவே வெகுநேரம் ஆனது. அதற்குள் மேகம் மூடிவிட்டது. அடுத்த நாள் தேவா துணிமடிப்பு வரையும் விதத்தை அனுப்பியது. அதற்கடுத்த நாள் தண்ணீருக்குள் வெளிச்சம் எப்படி விழும் என்று ஒரு படம். சொல்ல வேண்டியது ஒவ்வொரு நாளும் தள்ளிப் போனது.

தேவாவுக்கு ஊர் பழனி. ஒரு மாலை இப்படி எழுதியது: 'எங்க வீட்டு மாடியில நின்னா உங்க மலை தெரியும். இன்னைக்கு மேல முழுக்க மேகம்.'

மணியன் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு எழுதினார்: 'நான் அதுக்குள்ளதான் இருக்கேன்.'

அனுப்பிய பிறகு வெள்ளையாகக் கிடந்த சன்னலைப் பார்த்தார். உடம்பு லேசாகிவிட்டது போலிருந்தது. கீழே யாரோ ஒரு பிள்ளை மாடியில் நின்று இந்த மேகத்தைப் பார்க்கிறது. அதற்கு இது கூரை, எனக்கு இது அறை. அப்படியானால் மேகத்துக்கு அடியில் கிடக்கும் பழனிதானே ஆழியூர்? கிரிவீதியும் குதிரை வண்டிகளும் பூக்கடைகளும் கடலடியில் அசைவதுபோல அவருக்குத் தோன்றின. அவற்றுக்கு நடுவே மஞ்சள் சட்டை ஒன்று விளக்கு விளக்காக நீந்திப் போனது. அன்று அவர் சாப்பிட மறந்தார்.

ஆடி பிறந்தது. 'கிருத்திகைக்குப் பழனி வந்தா சொல்லுங்க சிஸ், பாக்கலாம்' என்று தேவா எழுதியது. இனித் தள்ள முடியாது. காளியாயியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதினார்: 'நான் சிஸ் இல்லைங்க. பேர் மணியன். அம்பது வயசு. பூண்டு விவசாயம். கால் ஒடிஞ்சு கெடக்கேன். முன்னாடியே சொல்லியிருக்கணும். மன்னிச்சிருங்க.'

பதில் இல்லை. மறுநாளும் இல்லை. நாட்கள் போயின. பேனாவை எடுத்தாலும் அவர் கை ஓடவில்லை.

"சின்னப் பிள்ள, பயந்திருக்கும்ல. நான் வேணா ஒரு வார்த்தை பேசவா?" என்றாள் காளியாயி.

"வேணாம். அது பயந்தா நியாயந்தான்." அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

வாரம் ஒன்று கழிந்திருக்கும். மதியச் சோற்றின்போது டேப் கிணுகிணுத்தது. இந்த முறை குரல் பதிவு. தொட்டதும் குதிரைச் சலங்கையும் ஒலிபெருக்கிப் பாட்டும் வீட்டுக்குள் கொட்டின. அவற்றுக்கு மேலே கட்டையான ஒரு பெண்குரல்.

"தம்பி, நான்தான் தேவா. அது கடைப் பேரு. என் பேரு சுந்தராம்பாள். அம்பத்தெட்டு நடக்குது. அடிவாரத்துல சாமி படமும் விபூதியும் விக்கிறேன். நீங்க எளவட்டப் பிள்ளைன்னு நெனச்சு, என் வயசு தெரிஞ்சாப் பேசமாட்டீங்களோன்னு, கடைக்கு வர்ற காலேஜ் பிள்ளைங்க பேசுறதக் கேட்டுக் கேட்டுத்தான் செம, சிஸ்ஸுன்னெல்லாம் எழுதுனேன். ஏன் இத்தன நாளு பதில் போடலன்னு கேக்குறீங்களா? கிருத்திகைக் கூட்டம் தம்பி. தலை நிமிரல. கால் எப்படி இருக்கு?"

காளியாயி சிரிக்கத் தொடங்கினாள். சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மணியன் அந்தப் பதிவை இன்னொரு முறை போட்டார். அந்தக் குரலில் இருந்த கூட்டமும் தூசியும் வெயிலும் மேகத்துக்குள் கிடந்த அறைக்கு விருந்தாளிகள் போல வந்திருந்தன.

அப்புறம் மணியனும் சுந்தராம்பாளும் சேர்ந்தே ஒரு படம் வரைந்தார்கள். மேகத்துக்கு அடியில் பழனி, பழனிக்குள் அலரி. இது மணியனின் யோசனை. சுந்தராம்பாள் தன் கடையிலிருந்து தெரியும் கிரிவீதியை வரைந்தாள். தேங்காய்க் குவியல், மொட்டைத் தலைகள், காவடிக்கு ஒதுங்கி நிற்கும் குதிரை. மணியன் அதன்மேல் லேயர் லேயராக மேகத்தைப் போட்டார். உள்ளே கிடந்தே பார்த்தவர் ஆயிற்றே, மேகம் வெள்ளை இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காலையில் ஒரு சாம்பல், மாலையில் கத்தரிப்பூ நிறம் கலந்த ஒரு சாம்பல். நடுவில் அலரி, தேரடி விளக்கை நோக்கிக் கன்னத்தை உப்பி ஊதுகிறாள். படம் முடிந்து இன்ஸ்டாவில் போட ஆவணி பிறந்துவிட்டது. ஆழியூர்க் கதையை வரைந்த, பெயர் தெரியாத அந்த ஆள் படத்துக்குக் கீழே ஒரு சின்ன விளக்குப் பொம்மையை மட்டும் போட்டிருந்தார். அதைச் சுந்தராம்பாள் மணியனுக்குக் காட்டி எழுதினாள், மணியன் சுந்தராம்பாளுக்குக் காட்டி எழுதினார்.

கட்டுப் பிரித்ததும் காளியாயியின் வேண்டுதலுக்காகப் பழனிக்குப் போனார்கள். மணியன் ஒரு கோலை ஊன்றி மெதுவாக நடந்தார். மலைக்கு இழுவை ரயிலில் போய்க் கும்பிட்டுவிட்டுக் கீழே வந்து கடையைக் கண்டுபிடித்தபோது, சட்டம் போட்ட முருகன் படங்களுக்கு நடுவே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் டேப்.

"அக்கா" என்றார் மணியன்.

அவள் நிமிர்ந்தாள். கோலைப் பார்த்தாள். "வாங்க தம்பி. ஏம்மா, வா. உக்காருங்க, உக்காருங்க" என்று விபூதி மூட்டையை நகர்த்தி இடம் பண்ணினாள். மாதக்கணக்காகத் தோளையும் நிழலையும் பேசியவர்கள், நேரில் கூச்சப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காளியாயிதான் பூண்டுப் பையை நீட்டிப் பேச்சைத் தொடங்கினாள். அதற்குப் பிறகு இரண்டு பெண்களுமே பேசினார்கள்.

சுந்தராம்பாளின் மகன் கந்தவேல் டீ வாங்கி வந்தான். இருவர் படங்களையும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குண்ணே. ஆனா எதுக்கு அடுத்தவங்க ஆளையே வரையுறீங்க? சொந்தமா ஒருத்தர உருவாக்கலாம்ல?" என்று கேட்டான்.

மணியனும் அதை யோசித்திருக்கிறார். சுந்தராம்பாள் கடைச் சுவரைக் காட்டினாள். வேலோடும் மயிலோடும், குழந்தையாகவும் ஆண்டியாகவும் ராஜாவாகவும் சுவர் நிறைய முருகன்.

"இத்தன பேரு வரைஞ்சிருக்காங்களே, யார்கிட்டயாச்சும் போயி, சொந்தமா ஒரு சாமிய உருவாக்குன்னு சொன்னியாடா? பிடிச்சவங்கள வரையுறோம். போ, வந்து நிக்கிற அந்த அம்மாவுக்குக் கற்பூரம் என்ன வேணும்னு கேளு."

மணியன் சிரித்தார். வெகுநாளாக மனசில் கிடந்த சிறு கல் ஒன்று நகர்ந்து போனது போலிருந்தது. அன்று கடை ஓரத்தில் உட்கார்ந்து, தெருவில் நின்ற குதிரையை இருவரும் ஆளுக்கொரு டேப்பில் வரைந்தார்கள். சுந்தராம்பாளின் குதிரை நன்றாக இருந்தது. மணியனுடையதற்குக் கால் சரியாக அமையவில்லை. "பரவால்ல தம்பி, எனக்கும் குதிரைக்கு ஒரு வருசம் ஆச்சு" என்றாள்.

இப்போது மணியன் காட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டார். கனமான மூட்டை மட்டும் தூக்குவதில்லை. பூண்டு எடுத்து, அந்த இடத்தில் பீன்ஸ் போட்டிருக்கிறார்கள். மதியத்தில் மேகம் இறங்கி வேலை ஓடாத நேரம் வீட்டுக்கு வந்து டேப்பை எடுப்பார். பாண்டிச்செல்வி தன் மகளை ஆழியூர்ப் பெண்போல வரைந்து தரக் கேட்டு ஒருநாள் வாசலில் வந்து நின்றாள். வரைந்து கொடுத்தார்.

பழனியிலிருந்து அவர்கள் திரும்பிய அந்தப் பிற்பகலில் பஸ் வளைவு வளைவாக ஏறிக்கொண்டிருந்தது. காளியாயி சன்னலோரம். கீழே பழனி சின்னதாகிக்கொண்டே போனது. ஒரு திருப்பத்தில் பஸ் மேகத்துக்குள் நுழைந்தது. டிரைவர் விளக்கைப் போட்டார். கண்ணாடியில் நீர் கோத்தது, பஸ்ஸுக்குள் பேச்சு தானாகத் தணிந்தது.

"ஏங்க" என்றாள் காளியாயி.

"ம்."

"அந்த அலரிப் பிள்ளைக்கு அப்பன் ஆத்தா உண்டா?"

மணியன் யோசித்தார். முதலிலிருந்து கடைசிவரை எத்தனையோ தடவை பார்த்த கதை. "அதுல ஒண்ணும் சொல்லலையே."

"இருப்பாங்க" என்றாள் அவள், பாதித் தூக்கத்தில். "மக விளக்கேத்தப் போயிருக்கான்னு வாசல்ல உக்காந்திருப்பாங்க."

சொல்லிவிட்டு அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். ஆழியூரில் அலரியின் வீடு எந்தத் தெருவில் இருக்கும் என்று மணியன் வெள்ளை வெளிக்குள் பார்த்துக்கொண்டே வந்தார். ஓட்டு வீடாகத்தான் இருக்க வேண்டும். வாசலில் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு கல் கிடக்கும். அவர்களுடைய முடியும் மேல்நோக்கித்தான் மிதக்கும், கொஞ்சம் நரைத்து.